ஹெரால்டு வண்டியின் இருசு

சென்ற தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களங்களில் வைக்கோற்போர் எழும்பிக்கொண்டிருந்த நாளொன்றில், நீடாமங்கலத்தை அடுத்து வெண்ணாற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியரான நம் நண்பர் கடிதம் எழுதி அழைத்திருந்தார். "மோட்டார் விஷயமாகக் குடும்பத்தில் ஒரு வழக்கு, தாங்கள் வந்து தீர்த்துவைக்க வேண்டும்" என்பது கடிதத்தின் சாரம். நாம் இளமையில் தஞ்சையில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆறு ஆண்டுகள் கணக்கெழுதினோம் என்பதும், கணக்கெழுதிய நேரத்தைவிட வண்டிக்கடியில் குழிக்குள் இறங்கி வேடிக்கை பார்த்த நேரமே மிகுதி என்பதும் அவர் அறிந்தவை.

வழக்குப் பொருள் மாட்டுக் கொட்டகையை அடுத்த சாவடியில், சாக்குப் படுதாவின் கீழ் நின்றது. நண்பரின் தந்தையார் 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவுகள், முன்மூடியைத் தூக்கினால் மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழும் அந்தப் பழைய அமைப்பு. எலிகள் இருக்கைப் பஞ்சைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. எனினும் இரும்பு நன்றாகவே இருந்தது. நெல் விளையும் ஊரில் ஈரத்துக்குத் தப்பிய இரும்பு எவ்வளவு அரியது என்பதை நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டியின் பூர்வீகத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959-இல் ஹெரால்டை வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. ஸ்டாண்டர்டின் இந்தியக் கிளை 1948-இல் சென்னையில் நிறுவப்பட்டு, வண்டலூரில் தொழிற்சாலை அமைத்து, 1961 முதல் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னையின் ஹெரால்டு என்று நாட்டில் மூன்றே கார்கள் பேசப்பட்ட காலம் அது. 948 கன சென்டிமீட்டர் இயந்திரம். இன்றைய சிறு கார்களுக்கு முன் ஆற்றலில் எளியதே. ஆனால் 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். நம் பக்கத்து அக்கிரகாரச் சந்துகளிலும் களத்து மேட்டு வழிகளிலும் அம்பாசடர் இரண்டு முறை முன்பின் போய்த் திரும்பும் இடத்தில் ஹெரால்டு ஒரே சுற்றில் திரும்பி நிற்கும். அந்தப் பெருமையை நண்பரின் தந்தையார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி வழக்கு. நண்பரின் பேரன் கோவையில் இயந்திரப் பொறியாளனாகப் பணி செய்கிறான். தாத்தாவின் தந்தையார் ஓட்டிய வண்டியை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. நண்பருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நகரத்துப் பட்டறைக்காரர் ஒருவர், "தம்பி, இந்தப் பின் அச்சை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கழற்றி எறிந்துவிட்டு வேறு வண்டியின் ஹவுசிங்கை முழுதாக மாற்றிவிடலாம், நாலு நாள் வேலை" என்று சொல்லியிருக்கிறார். பேரன் மாற்றிவிடலாம் என்கிறான். நண்பர், "அப்பா வாங்கிய வண்டி, ஒரு திருகாணியும் மாறக் கூடாது" என்கிறார். நண்பரின் தம்பி ஒரு கட்சியும் பேசாமல் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இடக்கால் சற்றுக் குட்டை; நடக்கையில் ஒரு பக்கம் சாய்வார். அவரைப் பற்றிப் பின்னர்.

வில்வண்டியின் இருசை நம் வாசகர் அறிவர். ஒரே இரும்புத் தண்டு, இரு முனைகளிலும் சக்கரம், தண்டின்மேல் இரண்டு வில், வில்லின்மேல் பெட்டி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இருசு முழுவதும் சாயும். ஆயினும் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கும். அம்பாசடரின் பின்புறமும் அடிப்படையில் இதுவே. தண்டுக்குப் பதிலாக ஒரு குழாய் ஹவுசிங். அதனுள்ளே கிரௌனும் பினியனும் ஆக்ஸில் ஷாஃப்டுகளும். அடியில் யூ போல்ட்டால் பிணித்த பட்டை வில்கள். எந்த ஊர்க் கொல்லனும் பார்த்தவுடன் புரிந்துகொள்வான்.

ஹெரால்டில் அப்படி அன்று. இருசை நடுவில் அறுத்தாற்போல் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு முடுக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. அதன் இருபுறமும் ஒவ்வோர் அரைத் தண்டு. உட்புற முனையில் மட்டும் ஒரு கிராஸ் மூட்டு. வெளி முனை சக்கரத்தோடு இறுகப் பிணைந்தது. மேலே, குறுக்காக, ஒரே ஒரு பட்டை வில் இரண்டு சக்கரங்களையும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் பறவையின் சிறகுபோல் தன் மூட்டைச் சுற்றித் தனியே ஏறி இறங்கும். கரடுமுரடான சாலையில் ஒரு சக்கரத்தின் குலுக்கல் மற்றொன்றுக்குப் போகாது. கனத்த டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளாது. அக்காலத்தில் இந்த விலை வண்டியில் இது பெரிய முன்னேற்றமாகப் பேசப்பட்டது.

கெடுதல் எங்கே? சக்கரம் மேலே போனால் அதன் தலை உட்புறம் சாயும். கீழே இறங்கினால் அதன் அடி உட்புறம் மடியும். ஜாக்கி வைத்துப் பின்புறத்தைத் தூக்கினால், இரண்டு சக்கரங்களும் வண்டிக்கடியில் மடிந்து தொங்கும். ஜாக்கியை இறக்கிய பின்னும், வண்டியைச் சிறிது தூரம் உருட்டும்வரை அப்படியே நிற்கும். நாம் கணக்கெழுதிய பட்டறையில் முதன்முதலில் இதைக் கண்ட மேஸ்திரி, ஏதோ முறிந்துவிட்டதென்று மூன்று மணி நேரம் தேடினார். முறிவு ஒன்றும் இல்லை என்றதும் அவருக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

இதனினும் பெரிய கெடுதல் வளைவில் உண்டு. வேகமாகத் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரத்தின் அடியைச் சாலை உள்நோக்கித் தள்ளும். இறுகிய இருசாயின் அது தாங்கிக்கொள்ளும். ஆடும் அச்சாயின், அந்தத் தள்ளுதலே வண்டியின் பின்புறத்தைத் தூக்கும். தூக்கியதும் சக்கரம் மேலும் மடியும்; மடிந்ததும் மேலும் தூக்கும். அந்த நொடியில் ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னே சரிந்து பின்புறம் இன்னும் இலேசாகும். மடக்கு நாற்காலியின் கால் நழுவுவது போல் சக்கரம் வண்டிக்கடியில் போய்விடும்.

நம் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையோடு நேரே போகும் சாலை, திடீரென மதகண்டை ஒடித்துத் திரும்பி, முதுகு வளைந்த செங்கற் பாலத்தின்மேல் ஏறி, இறங்கியதும் மறுகரையில் மீண்டும் ஒடித்துத் திரும்பும். பாலத்தின் முதுகைத் தாண்டும்போது வண்டி ஒரு கணம் எழும்பும். எழும்பினால் பின் சக்கரங்கள் இறங்கி மடியும். மடிந்த அதே நொடியில் திருப்பம்! இந்த அச்சைச் சோதிக்க வேண்டுமென்றே ஒருவர் சாலை போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகப் போட்டிருக்க முடியாது.

இதுவரை நாம் சொல்லி வந்தபோது தூணில் சாய்ந்திருந்த தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலை எடுத்தால் என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

1974 செப்டம்பர் முதல் வாரம். குடும்பத்தார் அனைவரையும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வயல் வேலை இருந்ததால் அன்றிரவே அவர் தனியே திரும்பினார். அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும். ஊருக்கு மூன்று மைல் இருக்கையில், ஒரு பாலத்தைத் தாண்டியதும் எதிரே விளக்கில்லாத மாட்டு வண்டி. "ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், திருப்பினேன். அவ்வளவுதான் செய்தேன். பின்னால் யாரோ தூக்கியது போலிருந்தது. பிறகு வாய்க்கால் தண்ணீர்." இடக்கால் இரண்டு இடங்களில் முறிந்தது. தலைகீழாக வாய்க்காலில் கிடந்த வண்டியை மறுநாள் எருமைகளைப் பூட்டி இழுத்தார்கள். கூரையைத் தட்டி நிமிர்த்திய வடு இன்றும் தடவிப் பார்த்தால் தெரிகிறது.

ஊரார் பேச்சு எப்படியிருக்கும்? பையன் குடித்திருந்தான் என்றார்கள், தூங்கிவிட்டான் என்றார்கள், பறந்து வந்தான் என்றார்கள். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பழுது பார்த்த பின்னும் இளைய மகன் கையில் அதை அவர் கொடுக்கவே இல்லை. 1990-இல் அவர் இறந்தார். கொடுக்காத சாவியைப் பற்றி இருவரும் ஒரு முறையேனும் பேசிக்கொண்டதில்லை.

நாம் படுதாவை விலக்கி, டார்ச் விளக்கோடு வண்டிக்கடியில் படுத்தோம். இந்த வயதில் படுப்பது எளிது. எழுவதற்குத்தான் பேரனின் கை வேண்டியிருந்தது. குறுக்கு வில்லின் பட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு தடிப்பில், வேறு நிறத்தில், சம்மட்டித் தழும்போடு இருந்தது. "இது கம்பெனிப் பட்டை அன்று" என்றோம். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா வைத்ததுதான். வண்டி வாங்கி நான்கைந்து ஆண்டில். பின்னால் நெல் மூட்டை ஏற்றினால் மட்கார்டு டயரில் உரசுகிறதென்று மன்னார்குடிப் பக்கத்து உலைக்கூடத்தில் ஒரு பட்டை அடித்துச் சேர்த்தார்" என்றார்.

வாசகர் இதைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த அச்சு உள்ள வண்டியில் பாரம் ஏறினால் பின்புறம் தாழும். சக்கரங்களின் தலை உட்சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். ஆனால் வளைவில் அந்த நிலையே பாதுகாப்பானது. பாரம் இல்லாதபோது பின்புறம் உயர்ந்து சக்கரத்தின் அடி உள்ளே வரும். அதுவே ஆபத்தான நிலை. கூடுதல் பட்டை போட்டால் வெறும் வண்டி இன்னும் உயர்ந்து நிற்கும். ஆதலின் ஐந்து பேரும் இரண்டு மூட்டையும் ஏறியபோது ஒழுங்காகப் போன அதே ஹெரால்டு, ஒற்றை ஆளாய்த் திரும்புகையில் எப்போதும் விழும்பில் நின்றிருக்கும். 1974-இல் அந்தப் பாலத்தடியில் நடந்தது இதுவே என்று நாம் சத்தியம் செய்ய இயலாது. நேரில் கண்டவர் நாமல்லர். ஆனால் அவர் சொன்ன மூன்றும், அதாவது பாலத்து முதுகும், திருப்பமும், காலை எடுத்ததும், அந்த வில்லோடு சேர்ந்தால் வண்டி கவிழ வேறு குற்றம் தேவையில்லை என்று சொன்னோம். தம்பி எழுந்து கொல்லைப்புறம் போனார். நண்பர் அவர் பின்னால் போக எழுந்து, பாதி வழியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் குறை ஹெரால்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியரின் வோல்க்ஸ்வேகன் வண்டும் ஆடும் அச்சில் ஓடியதே. அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனத்தின் கார்வேர் வண்டி 1960 முதல் இதே வகை அச்சோடு விற்கப்பட்டது. ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே அந்த வண்டியின் மீதான குற்றச்சாட்டு. நூல் எழுப்பிய அலையின் நடுவே, 1966-இல் அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1972-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்காக நடந்த ஆய்வு, அக்காலத்துப் பிற வண்டிகளைவிடக் கார்வேர் மோசமானதன்று என்று முடிவு கூறியது. ஷெவர்லேயாரோ அதற்கு முன்பே, 1964-இல் ஒரு குறுக்கு வில்லைச் சேர்த்து, 1965-இல் அச்சையே மாற்றிவிட்டிருந்தனர்.

நம் வண்டலூரார் என்ன செய்தனர்? இங்கேதான் பேரனின் கட்சிக்கு வலிய சாட்சி இருக்கிறது. 1972-இல் ஹெரால்டை மாற்றியமைத்து ஸ்டாண்டர்டு கசெல் என்ற பெயரில் வெளியிட்டபோது, அவர்கள் ஆடும் அச்சைக் கைவிட்டு இறுகிய ஒற்றை அச்சைப் பொருத்தினர். நம் நாட்டில் வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, பழுது பார்த்தவர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதே காரணம். இங்கிலாந்தில் பழையதிலிருந்து புதியதை நோக்கிப் போனதாக எண்ணப்பட்ட பாதையை நம்மவர் திரும்பி நடந்தனர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது நம் கருத்து. கசெல் சிறு தொகையிலேயே செய்யப்பட்டு 1977-இல் நின்றுபோயிற்று.

"கம்பெனியே மாற்றியதை நாம் மாற்றினால் என்ன, ஐயா?" என்றான் பேரன். நல்ல கேள்வி. ஆனால் கம்பெனியார் அச்சுக்கேற்பச் சட்டத்தையும் அமைத்துக்கொள்ள வல்லவர்கள். பட்டறைக்காரர் ஹவுசிங்கை மட்டும் கொண்டுவந்தால், அதன் வில்களை எங்கே மாட்டுவது? ஹெரால்டின் சட்டம் முதுகெலும்பு போல் நடுவில் ஒடுங்கிச் செல்வது; பின் சக்கரங்களுக்கு அருகே நீண்ட வில்லின் இரு முனைகளையும் தாங்க வலுவான இடமில்லை. புதிதாக இரும்பு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். டிஃபரன்ஷியல் அசையாது என்று நம்பிச் செய்யப்பட்ட வண்டியில், இனி அது சக்கரத்தோடு ஏறி இறங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதற்கேற்ப நீண்டு குறுக வேண்டும். மேலே தரைத்தகட்டில் இடித்துக்கொள்ளாமல் இடமும் வேண்டும். அகலம் ஒத்துவர வேண்டும்: ஹெரால்டின் இரு பின் சக்கரங்களுக்கு இடையே 48 அங்குலம், அம்பாசடருக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம் கூடுதல். கிரௌன் பினியன் விகிதம் அந்தச் சிறிய இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும்; இல்லையேல் பாலம் ஏறாது, அல்லது வேகமெடுக்காமல் கதறும். பிரேக் டிரம், கைப்பிரேக் கம்பி, சக்கரத் துளைகள் என்று வரிசை நீளும். நாலு நாள் என்றவர் நாற்பது நாள் என்று சொல்லியிருக்கலாம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அன்றியும் 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் அதன்கீழ் வரும். ஆனால் சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருத்தல் ஆகாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாட ஓட்டத்திற்கும் வணிகத்திற்கும் பயன்படுத்தலாகாது. வெல்டிங் வைத்த நாளன்றே இந்த வாசல் மூடிக்கொள்ளும் என்று பேரனிடம் சொன்னோம். பொறியாளன் ஆதலால் வாதாடவில்லை. கைப்பேசியில் விதியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. டிரையம்ப் நிறுவனத்தார் தம் ஸ்பிட்ஃபயர் வண்டியின் நான்காம் மாதிரியில், 1970-இல், ஆடும் அச்சைக் கைவிடாமலே அதன் வில்லை மட்டும் மாற்றினர். முன்பு பட்டைகள் அனைத்தும் டிஃபரன்ஷியலோடு இறுக முடுக்கப்பட்டிருந்தன. புதிய முறையில் ஒரே ஒரு பட்டை மட்டும் இறுக்கமாக நிற்கும். மற்றவை நடுவில் ஒரு முளையில் தராசுக்கோல் போல் ஆடும். மேட்டில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து எழும்போது முழு வில்லும் தாங்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சாய்ந்தால் வில் திரும்பிக்கொடுக்கும். பின்புறத்தைத் தூக்குகிற அந்த முறுக்கு வெகுவாகத் தணியும். முன்புறத்தில் சற்றுத் தடித்த சாய்வுத்தடுப்புக் கம்பியைச் சேர்க்க வேண்டும். ஹெரால்டு வைத்திருக்கும் ஆங்கிலேயர் பலர் இப்படிச் செய்துகொள்கின்றனர்; அந்த வில் அங்கே இன்னும் புதிதாகவே அடிக்கப்படுகிறது. வெல்டிங் வேண்டாம், பழைய வில்லை எடுத்து வைத்துக்கொண்டால் என்றைக்கும் திரும்பப் பொருத்தலாம். அதோடு முன் டயர்களைவிடப் பின் டயர்களில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். இது ஹெரால்டுக்குத் தொடக்கம் முதலே உள்ள ஒழுங்கு. நம் ஊர்ப் பெட்ரோல் நிலையங்களில் நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிடும் பழக்கத்தால் மறந்துபோன ஒன்று.

வழக்கு அப்படித்தான் தீர்ந்தது. வில் கப்பலில் வர இரண்டு மாதமும், சுங்கத்தில் மூன்று வாரமும் ஆயின. நல்ல வெயிற்காலத்தில், மேட்டூர் திறக்குமுன், ஆறு மணலாய்க் கிடந்த ஒரு நாள் நமக்குத் தொலைபேசி வந்தது, சென்றோம். வில் மாற்றும் வேலை பேரனும் உள்ளூர் இளைஞர் ஒருவருமாக ஒன்றரை நாள் செய்தது. புதிய கிராஸ்களும் பேரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் போட்டிருந்தனர். வண்டி முன்பைவிட ஓர் அங்குலம் தாழ்ந்து, சக்கரங்கள் நேராக நின்றன.

முதல் ஓட்டத்திற்கு யார் உட்காருவது என்ற பேச்சு எழுந்தது. நண்பர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து வந்தார். பேரன் கையை நீட்டினான். அவர் அவனைத் தாண்டிச் சென்று திண்ணையண்டை நின்றார்.

"நீ எடுத்துப் போ" என்றார் தம்பியிடம்.

"எனக்குக் காலெங்கே அண்ணே வரும்? கிளட்சு மிதிக்க முடியாது" என்றார் அவர். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கையில் வைத்திருந்து, பின் பேரனிடம் கொடுத்து, தாம் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். "பாலத்துக்கு ஓட்டு. அந்தப் பாலத்துக்கு" என்றார். நாமும் நண்பரும் பின்னால் ஏற முற்பட்டபோது, "வேண்டாம், பாரம் இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்" என்று தடுத்துவிட்டார்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்கள். பேரனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "சின்னத் தாத்தா ஆறு முறை பாலத்தைத் தாண்டச் சொன்னார்" என்றான். தம்பி இறங்கி, வண்டியின் பின்புறம் சுற்றிவந்து, சக்கரத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார்.

கழற்றிய பழைய வில்லைச் சாக்கில் சுற்றிச் சாவடியில் வைத்திருக்கிறார்கள், அந்தச் சேர்த்த பட்டை ஒன்று நீங்கலாக. அதை நண்பரின் தம்பி தாமே மன்னார்குடிக்குக் கொண்டுபோய், கொல்லரிடம் கொடுத்து, அரிவாளாக அடித்து வாங்கி வந்தார். நல்ல எஃகு, தென்னை மட்டை ஒரே வீச்சில் விழுகிறது என்று கேள்வி.